பெருக்கல் குறி விழுந்த வட்டு: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: 2004 அக்டோபரில் அமெரிக்காவில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தபோது, அதிபர் புஷ்ஷைக் கடுமையாகச் சாடும் மைக்கேல் மூரின் ‘ஃபாரன்ஹீட் 9/11’ டிவிடியை ஒரு வாடகைக் கடையில் எடுத்தேன். நாற்பது நிமிடம் ஓடிய படம் அப்படியே நின்றுவிட்டது. வட்டைத் திருப்பிப் பார்த்தால், சாவி முனையால் அழுத்திக் கிழித்ததுபோல ஒரு பெருக்கல் குறி. வேண்டுமென்றே செய்ததுதான் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? அதுவும் ஒரு வகை எதிர்ப்புத்தான் என்று வாதிடும் நண்பருக்கு என்ன பதில் சொல்வது?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பல கைகள் மாறிய வட்டில் மெல்லிய கீறல்கள் பல திசைகளில் விழுந்திருக்கும், அவற்றால் இழக்கும் தகவலை ஈடுகட்டும் ஏற்பாடு டிவிடியிலேயே உண்டு. ஆழமாக, ஓர் உருவம் தெரியும்படி விழுந்த கோடுகள் தாமாக வருவதில்லை. வட்டின் தகவல் உள்ளிருந்து விளிம்பை நோக்கிப் படிக்கப்படுவதால், உள்வட்டத்துக்கும் விளிம்புக்கும் இடையில் போட்ட குறி உங்களை நாற்பது நிமிடம் பார்க்கவிட்டுப் பிறகு தடுத்திருக்கிறது.

உங்கள் நண்பரின் வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் கீறலால் மூருக்கு என்ன நட்டம்? 2004 மே மாதம் கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்று, அமெரிக்கத் திரையரங்குகளில் மட்டும் 11 கோடி டாலருக்கு மேல் வசூலித்துவிட்ட படம் அது. நட்டப்பட்டவர்கள் வட்டுக்குப் பணம் கொடுத்து வாங்கிய கடைக்காரரும், அடுத்து அதை எடுத்துச் சென்ற நீங்களும்தான். படத்தைப் பார்த்துவிட்டு வரிக்கு வரி மறுக்க நினைத்த புஷ் ஆதரவாளர் ஒருவர் உங்களுக்கு அடுத்து வந்திருந்தால், அவருக்கும் அதே நட்டம்தான். டிவிடி வெளிவந்தது அக்டோபர் 5. புஷ் மீண்டும் போட்டியிட்ட அதிபர் தேர்தல் நவம்பர் 2. இடையில் இருந்தது நான்கே வாரம் என்பதால், கெட்டுப்போன வட்டுக்கு மாற்று வந்து சேருவதற்குள் கழியும் ஒவ்வொரு நாளும், வாக்களிக்குமுன் பார்த்துத் தாமே எடைபோட விரும்பியவரிடமிருந்து பறிக்கப்பட்ட நாள்.

எதிர்ப்பவர் முகம் காட்டி நிற்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன். அந்தப் படத்தைத் தன் துணை நிறுவனமான மிராமாக்ஸ் வெளியிடக் கூடாது என்று டிஸ்னி தடுத்தது. அந்த முடிவு எனக்கு உடன்பாடில்லை என்றாலும், அதைத் தன் பெயரில் எடுத்து, வந்த கண்டனத்தையும் தானே ஏற்றது. படமும் வேறு நிறுவனங்கள் வழியாகத் திரைக்கு வந்தது. சாவியால் கிழித்தவரோ, எதுவும் நடக்காததுபோல வட்டை உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இதே மனப்போக்கு நூலகங்களிலும் தலைகாட்டியிருக்கிறது. ஐடஹோ மாநிலத்தின் கோர் டிலேன் நகர நூலகத்தில், அதிபர் டிரம்ப்பை விமர்சிக்கும் நூல்களை 2018 வாக்கில் யாரோ வேறு அலமாரிகளில் ஒளித்துவைத்துக்கொண்டே இருந்தார். ஊழியர்கள் தேடி எடுத்து உரிய இடத்தில் மீண்டும் அடுக்கினார்கள். வட்டிலும் மேலோட்டமான கீறல் என்றால் மெருகேற்றி மீட்டுவிடலாம். நீங்கள் சொல்லும் ஆழத்தில் விழுந்திருந்தால் அதற்கும் வழியில்லை.