சூரனை முருகன் ஏன் அழிக்கவில்லை?

கேள்வி: சூரன்போர் பார்த்துத் திரும்பும்போது என் பேரன், "இவ்வளவு தீமை செய்த சூரனை முருகன் ஏன் மயிலாக்கித் தன்னோடு வைத்திருக்கிறார், அம்மம்மா?" என்று கேட்டான். நான் என்ன சொல்வது?
- ஒரு வாசகி, இணுவில்

பதில்: கந்தபுராணத்தின் உயிர்நிலையையே உங்கள் பேரன் தொட்டுவிட்டான், அம்மா. 108 யுகம் வாழவும் 1008 அண்டங்களை ஆளவும் சிவபெருமானிடம் வரம் பெற்ற சூரபன்மன், போர்க்களத்தில் முருகனின் பேருருவைக் கண்டு, இவரைப் பாலன் என்று எண்ணினேனே என்று ஒருகணம் உருகுகிறான். ஆனால் அவ்வுருவம் மறைந்ததும் பழைய அகந்தை திரும்பிவிடுகிறது. நம்மூர்க் கோயில்களில் புராணப்படிப்பின்போது பயன் சொல்பவர்கள், அதாவது பாட்டுக்குப் பொருள் விரித்துரைப்பவர்கள், இவ்விடத்தில் சற்று நின்று விரிப்பது வழக்கம். நல்லறிவு வருவது அரிது, வந்தது நிலைப்பது அதனினும் அரிது என்பதை இவ்வளவு நுட்பமாகக் காட்டும் இடம் வேறில்லை என்றே நான் கருதுகிறேன்.

பின்னர் கடல் நடுவே மாமரமாய் நின்றவன் வேலால் பிளவுண்டு, சேவலும் மயிலுமாய்ச் சினந்து பாய்கிறான். முருகனின் அருட்பார்வை பட்டதும் சினம் அடங்க, சேவல் கொடியாகிறது, மயில் ஊர்தியாகிறது. அழிந்தது ஆணவத்தின் வலிமையே, உயிர் அன்று. அடுத்த கந்தசஷ்டிச் சூரன்போரில் சூரன் உருவத்தின் தலை மாறி, மாமரத்தைக் குறிக்கும் மாங்கொப்பு அசையும்போது, பேரனை முன்னே நிறுத்தி, அதன்பின் வரும் சேவலையும் மயிலையும் காட்டுங்கள்.