நாயையும் அழைத்துக்கொண்டு கேம்பர்வேனில் போகலாமா?

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான். லீட்ஸுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இங்கே டெஸ்ட் எழுதி லைசென்ஸ் வாங்கிச் சில மாதங்கள்தான். வீட்டில் மனைவி, 9 வயதிலும் 5 வயதிலும் இரண்டு பிள்ளைகள், காப்பகத்திலிருந்து எடுத்து வந்த ஒரு லாப்ரடார் கலப்பு. ஆகஸ்டில் ஒரு வாரம், படுக்கையும் அடுப்பும் உள்ள கேம்பர்வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஸ்காட்லாந்தைச் சுற்றி வர ஆசை. நாயைக் காசு கொடுத்து எங்காவது விட்டுப்போக மனமில்லை. இது எங்களால் முடியுமா என்கிறீர்கள்.

முடியும். நாய் உள்ள குடும்பத்துக்கு இந்த நாட்டில் இதைவிட நல்ல விடுமுறை கிடையாது என்றே சொல்வேன். ஹோட்டல் என்றால் நாயை அனுமதிக்கிறார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். காப்பகத்தில் வளர்ந்த நாயை மறுபடியும் ஒரு கூண்டில் விட்டுவிட்டு வந்தால், நம்மைத் திரும்ப நம்ப அது எவ்வளவு நாள் எடுக்குமோ. வேனில் அந்தக் கவலை இல்லை. அதன் போர்வையும் தட்டும் கூடவே வரும், நீங்களும் கண்முன்னே இருப்பீர்கள். ஆனால் ஆகஸ்டையும் ஸ்காட்லாந்தையும் மட்டும் மாற்றச் சொல்வேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் லைசென்ஸ். உங்களிடம் இருப்பது பி வகை, மொத்த எடை 3,500 கிலோ வரை ஓட்டலாம். இங்கே நீண்ட காலமாக இருக்கிற சிலர் 7,500 கிலோ வரை ஓட்டலாம் என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது 1997 ஜனவரி 1க்கு முன் கார் டெஸ்ட் பாஸ் செய்தவர்களுக்கு. பெரிய மோட்டார்ஹோம்கள் சில 3,500ஐத் தாண்டும் என்பதால் வேனின் எடையைக் கேட்டுவிடுங்கள். மனைவி இன்னும் இந்திய லைசென்ஸில்தான் ஓட்டுகிறார் என்றால், இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் அது செல்லும். உங்கள் கணக்கில் அது முடிந்துவிட்டது. அவரை இரண்டாவது டிரைவராகப் போடக்கூடாது.

சட்டம் அனுமதித்தாலும் வாடகைக்கு விடுபவர் அனுமதிப்பார் என்பதில்லை. 25 வயது ஆகியிருக்க வேண்டும், லைசென்ஸ் வாங்கி ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்க வேண்டும் என்று கேட்பவர்கள் அதிகம். அது அவர்களுடைய இன்சூரன்ஸின் நிபந்தனை, கெஞ்சிக் கேட்டு மாற்ற முடியாது. ஊரில் பத்து வருடம் ஓட்டிய அனுபவத்தைக் கணக்கில் எடுப்பார்களா என்பது இடத்துக்கு இடம் மாறும். பணம் கட்டும் முன் இதை ஈமெயிலில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். லைசென்ஸ் தரும் அரசு அமைப்பான டிவிஎல்ஏவின் தளத்தில் லைசென்ஸ் விவரத்தைக் காட்டும் குறியீடு ஒன்றை எடுத்துத் தரச் சொல்வார்கள். அது 21 நாள்தான் செல்லும், ரொம்ப முன்னாலேயே எடுத்து வைக்காதீர்கள்.

அடுத்தது வேன். இங்கேதான் நிதானமாக யோசிக்க வேண்டும். எல்லோரும் படத்தில் அடுப்பையும் திரைச்சீலையையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். நீங்கள் நாயிலிருந்து தொடங்குங்கள். வண்டி ஓடும்போது அது எங்கே இருக்கும்? ராத்திரி எங்கே படுக்கும்? நாள் முழுக்க மழை பெய்தால் ஈர உடம்போடு எங்கே நிற்கும்? இந்த மூன்றுக்கும் பதில் இருக்கிற வேன்தான் உங்கள் வேன்.

ஓடும்போது என்பதை எடுத்துக்கொள்வோம். விளம்பரத்தில் நான்கு பேர் படுக்கலாம் என்று இருந்தால், நான்கு பேர் பெல்ட் போட்டு உட்காரலாம் என்று அர்த்தமில்லை. படுக்கைக் கணக்கு வேறு, சீட் பெல்ட் கணக்கு வேறு. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். இங்கே 12 வயது, அல்லது 135 செ.மீ. உயரம், இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவரை பிள்ளைக்குக் கார் சீட் கட்டாயம். பக்கவாட்டில் பார்த்த இருக்கையில் அதைப் பொருத்தக்கூடாது. பழைய வேன்கள் சிலவற்றில் பின்னால் அப்படிப்பட்ட இருக்கைதான் இருக்கும், அது உங்களுக்கு ஆகாது. பிள்ளைகளின் சீட்டுகளை உங்கள் காரிலிருந்தே எடுத்துப் போங்கள்.

நாயும் சும்மா உலவிக்கொண்டு வரக்கூடாது. இங்கே சாலை விதிகளின் தொகுப்பான ஹைவே கோடின் 57ஆம் விதி, நாயை பெல்ட்டோடு இணைக்கும் ஹார்னஸ், கூண்டு, தடுப்பு என்று ஏதாவது ஒன்றால் கட்டுக்குள் வைக்கச் சொல்கிறது. காரின் பின்பக்கத்தில் அடைத்துக் கூட்டிப்போகும் வசதி கேம்பர்வேனில் இருக்காது, அங்கே கட்டிலும் சமையல் கேஸும் இருக்கும். ஆகவே இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே ஐந்தாவது பெல்ட் இருக்கிறதா, இல்லையென்றால் தரையில் கூண்டையோ ஹார்னஸையோ உறுதியாகப் பிணைக்க வளையம் இருக்கிறதா என்று உரிமையாளரிடம் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நல்ல உரிமையாளர் அலுத்துக்கொள்ள மாட்டார்.

ராத்திரி. ஃபோக்ஸ்வேகன் டிரான்ஸ்போர்ட்டர் மாதிரி வேன்களில் கூரை மேலே எழும்பும், பிள்ளைகள் அங்கே படுப்பார்கள். கீழே பின்சீட்டை மடக்கினால் உங்கள் இருவருக்கும் கட்டில். கட்டிலை விரித்த பிறகு தரையில் மிஞ்சுவது முன்சீட்டுகளுக்குப் பின்னால் ஒரு துண்டு இடம். சின்ன டெரியருக்கு அது தாராளம். லாப்ரடாருக்கு இறுக்கம், அதுவும் நடுராத்திரியில் பிள்ளை ஒன்றுக்குப் போக இறங்கினால் அதை மிதித்துத்தான் இறங்க வேண்டும். நீண்ட வீல்பேஸ், அதாவது முன் பின் சக்கரங்களுக்கு நடுவே அதிக நீளம் உள்ளதைக் கேளுங்கள். அல்லது ஃபியட் டுகாட்டோவில் கட்டிய உயரமான வேன். தரை நிறைய மிஞ்சும், எழுந்து நிற்கலாம். ஆனால் நீளம் ஆறு மீட்டர் அளவுக்கு வரும், முதல்முறை ஓட்டுபவருக்குக் குறுகிய கிராமத்துச் சாலைகளில் தோள்பட்டை வலிக்கும். உங்கள் நிலையில் நான் நீண்ட டிரான்ஸ்போர்ட்டரோடு ஆனிங்கும் சேர்த்து எடுப்பேன்.

ஆனிங் என்பது வேனின் பக்கவாட்டுக் கதவோடு இணைகிற கூடாரம். விளம்பரத்தில் அதைக் கூடுதல் வசதி என்று கடைசி வரியில் போட்டிருப்பார்கள். நாயோடு போகிறவர்களுக்கு அது இல்லாமல் முடியாது. சேற்றுக் காலணி, ஈரத் துண்டு, ஈர நாய் எல்லாம் அங்கேயே நின்றுவிடும், படுக்கை காய்ந்தே இருக்கும். பிரிட்டனில் ஒரு வாரம் முழுக்க மழையில்லாத விடுமுறையை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

சரி, ஆகஸ்டும் ஸ்காட்லாந்தும். லீட்ஸிலிருந்து இன்வர்னஸ் போகவே ஒரு முழு நாள் ஓட்டம், திரும்பி வர இன்னொரு நாள். ஒரு வாரத்தில் இரண்டு நாள் பிள்ளைகளும் நாயும் கட்டுண்டு கிடப்பார்கள். அங்கிருந்து தொடங்கும் நார்த் கோஸ்ட் 500 பாதை 516 மைல், பல இடங்களில் ஒற்றைத் தடச் சாலை. எதிரே வண்டி வந்தால் ஒதுங்கும் இடம் பார்த்து நிற்க வேண்டும். ஆப்பிள்கிராஸ் கிராமத்துக்கு ஏறும் பியலாக் நா பா கணவாயில், ஓட்டக் கற்றுக்கொள்பவர்களும் பெரிய வண்டிகளும் கேரவன்களும் வர வேண்டாம் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். கோடையில் ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியான ஹைலண்ட்ஸில் மிட்ஜ் என்ற பொடிப் பூச்சி படை படையாக வரும். காற்றில்லாத மாலையில் கதவைத் திறக்க முடியாது, நாயின் மூக்கையும் விடாது. ஸ்காட்லாந்து அழகுதான், மறுக்கவில்லை. கை பழகிய பிறகு போங்கள்.

முதல் பயணத்துக்கு மே மாதக் கடைசியில் வரும் அரைப்பருவ விடுமுறையில், இங்கிலாந்தின் வடகிழக்குக் கடலோரமான நார்தம்பர்லாண்டு போகச் சொல்வேன். ஏ1 சாலையில் சுமார் மூன்று மணி நேரம். பாம்பரோ கோட்டைக்குக் கீழே விரிந்து கிடக்கும் மணலில் நாய் ஓடுவதைப் பார்த்தால் பிள்ளைகள் போனையே மறந்துவிடுவார்கள். இங்கிலாந்துக் கடற்கரைகள் பலவற்றில் மே முதல் செப்டம்பர் வரை நாய்க்குத் தடை உண்டு, பெரும்பாலும் குளிக்கிறவர்கள் கூடும் பகுதியில். எந்தக் கரை, எந்தப் பகுதி என்று கவுன்சிலின் தளத்தில் பார்த்துவிட்டே போங்கள். பீட்னலுக்குப் பக்கத்தில் லாங் நானி என்ற ஓடைமுகத்தில் ஆர்க்டிக் ஆலா என்ற கடற்பறவைகள் மணலிலேயே முட்டையிடும். அந்தக் காலத்தில் நாயை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அதே கரையில் உள்ள ஹோலி ஐலண்டு தீவுக்குப் போகும் சாலை நாளுக்கு இரண்டுமுறை கடலுக்குள் போய்விடும். பாதுகாப்பான நேர அட்டவணையைப் பார்க்காமல் இறங்கினால் வேனோடு தண்ணீரில் நிற்க வேண்டியதுதான். வாடகை வண்டியில் அந்தப் பரீட்சை வேண்டாம்.

இன்னொன்று: நினைத்த இடத்தில் வேனை நிறுத்தித் தூங்கலாம் என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள். இங்கிலாந்தில் எல்லா நிலத்துக்கும் சொந்தக்காரர் உண்டு, அனுமதி இல்லாமல் தங்க முடியாது. ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் நிலத்தில் நடமாடும் உரிமையைத் தருகிறது, ஆனால் மோட்டார் வண்டிக்கு அது பொருந்தாது. பேசாமல், வேன்களும் கூடாரங்களும் தங்கும் கேம்ப்சைட்டில் முன்பதிவு செய்யுங்கள், மின் இணைப்போடு. கேரவன் அண்ட் மோட்டார்ஹோம் கிளப்பின் உறுப்பினர்களுக்கு ஐந்து வண்டி மட்டும் நிற்கும் சின்னப் பண்ணை இடங்கள் உண்டு, அமைதியாக இருக்கும். ஆனால் சிலவற்றில் கழிப்பறையே இருக்காது. பிள்ளைகளோடு முதல்முறை என்றால் வெந்நீர்க் குளியலறை உள்ள இடமாகப் பாருங்கள். நாய்க்குத் தனிக்கட்டணம் இருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

நாய் விஷயத்தில் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று உண்டு. வெயில் அடிக்கும்போது வேனில் அதைத் தனியே விட்டுப் போகாதீர்கள், பத்து நிமிடம் கூட வேண்டாம். வெளியே 22 டிகிரி இருக்கும்போதே ஒரு மணி நேரத்தில் வண்டிக்குள் 47 டிகிரி வரை ஏறலாம் என்று விலங்கு நல அமைப்பான ஆர்எஸ்பிசிஏ எச்சரிக்கிறது. வேன் பெரிது, ஜன்னல் திறந்திருக்கிறது என்பதெல்லாம் அதைக் காப்பாற்றாது. நாய் வர முடியாத இடத்துக்குப் போக வேண்டுமென்றால் ஒருவர் வெளியே அதோடு இருங்கள், முறை மாற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மே மாதத்தில் வயல்வெளியெல்லாம் ஆட்டுக்குட்டிகள். ஆடு மாடு கண்ணில் பட்டாலே வாரைக் குறுக்கிப் பிடியுங்கள். எல்லோரும் நடக்க உரிமை உள்ள திறந்த நிலங்களில் (ஓபன் ஆக்ஸஸ் லேண்ட்) மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை, ஆடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், இரண்டு மீட்டருக்கு மேற்படாத வாரில்தான் நாய் இருக்க வேண்டும். மாடுகள் துரத்தி வந்தால் மட்டும் வாரை விட்டுவிடுங்கள். அவற்றின் கோபம் நாயின் மேல்தான், அது ஓடித் தப்பித்துக்கொள்ளும். நடந்து வந்ததும் காதிடுக்கு, அக்குள், விரல் நடுவில் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள், பிள்ளைகளின் கால்களையும். அப்புறம், காப்பகத்தில் எடுத்த நாய் என்பதால் அதன் தோலுக்கடியில் உள்ள மைக்ரோசிப்பின் பதிவேட்டில் உங்கள் முகவரியும் எண்ணும் பதிவாகியிருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். கழுத்துப் பட்டையில் பெயரும் முகவரியும் இருப்பது சட்டம், உங்கள் மொபைல் எண்ணையும் சேர்த்துப் பொறித்துவிடுங்கள்.

நம்மைப் போன்ற முகங்கள் கேம்ப்சைட்டில் அதிகம் தெரியாது, எப்படி நடத்துவார்களோ என்று உங்கள் மனைவி கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அந்தத் தயக்கம் எனக்குத் தெரியும். நாய் இருந்தால் அது சீக்கிரம் கரைந்துவிடும். பக்கத்து வண்டிக்காரர் முதலில் நாயின் பெயரைத்தான் கேட்பார், அடுத்த நாள் ஆனிங் கயிறு கட்ட வந்து கை கொடுப்பார். எனக்கு இந்த நாட்டில் ஆங்கிலேய நண்பர்கள் என்று கிடைத்ததில் பாதிப் பேர் நாயால் கிடைத்தவர்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, விடுமுறைக் காலத்தில் இரவுக்கு 100 பவுண்டுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள், கேம்ப்சைட் தனி. இன்சூரன்ஸ் இருந்தாலும் சேதத்தில் முதல் தொகை உங்கள் தலையில்தான், அது ஆயிரம் பவுண்டு வரைகூடப் போகும். கூரை, டயர், கண்ணாடிச் சேதம் அதில் சேருமா என்று படித்துப் பாருங்கள். கார் பார்க் வாசலில் உயரத் தடுப்புக் கம்பி இருக்கும், பலவற்றில் இரண்டு மீட்டரை ஒட்டித்தான். வேனின் உயரத்தை ஒரு காகிதத்தில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். தெற்கே இறங்கி லண்டன் உறவினரையும் பார்க்கும் எண்ணம் இருந்தால், பழைய டீசல் வேனுக்கு அங்கே நாளுக்கு 12.50 பவுண்டு மாசுக் கட்டணம் வரலாம்.

வாடகை வேனைப் பெற்றுக்கொள்ளும்போது அவசரப்படாதீர்கள். கேஸ் எங்கே மூடுவது, டாய்லெட் தொட்டியை எப்படி எடுத்துக் காலி செய்வது, கூரையை எப்படிப் பூட்டுவது என்று உரிமையாளர் காட்டக் காட்ட போனில் வீடியோ எடுங்கள். ஏற்கெனவே இருக்கும் கீறல்களையும் அதே நேரத்தில் எடுத்துவிடலாம். கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவை உணரும் அலாரம் வேலை செய்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். குளிருக்காக அடுப்பை எரியவிட்டுத் தூங்குவதோ, அணைந்த பார்பிக்யூவை ஆனிங்குக்குள் இழுத்து வைப்பதோ உயிரை எடுக்கும்.

போவதற்கு முன் உங்கள் காரிலேயே நாயை ஒன்றிரண்டு மணி நேரம் கூட்டிப்போய்ப் பாருங்கள். வாந்தி எடுக்கிறதா, ஹார்னஸில் பதறுகிறதா என்று தெரிந்துவிடும். கிளம்பும் நேரத்தில் வயிறு நிறையக் கொடுக்காதீர்கள். திருப்பிக் கொடுக்கும் நாளில் டீசல் நிரப்பி, டாய்லெட் தொட்டியைக் காலி செய்து, லாப்ரடார் முடியை மெத்தையின் தையல் வரைக்கும் எடுத்துவிடுங்கள். அதற்கு ரப்பர் கையுறை போட்டுத் தேய்ப்பதுதான் சுலபம். டெபாசிட்டில் சுத்தம் செய்யும் கட்டணம் பிடிக்கப்படுவது பெரும்பாலும் அந்த முடிக்காகத்தான்.