மோட்டார் ஹோமுக்குப் பின்னால் கார்: நியூட்ரலில் போட்டால் போதுமா?

கேள்வி: ஹூஸ்டனில் இருக்கிறோம். போன மாதம் பழைய மோட்டார் ஹோம் (படுக்கை, சமையலறையோடு வரும் வண்டி) ஒன்று வாங்கினோம். மெர்சிடிஸ் ஸ்பிரின்டர் 3500 வண்டியின் மேல் கட்டியது, டீசல், 24 அடி நீளம். ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஜூலையில் மொன்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்காவுக்குப் போக ஆசை. அங்கே சுற்றிப் பார்க்கச் சின்ன கார் ஒன்றைப் பின்னால் இழுத்துப் போகலாம் என்று நினைக்கிறோம். வீட்டில் 2018 ஹோண்டா சிஆர்-வி, 2016 டொயோட்டா கொரோலா இரண்டும் இருக்கின்றன, இரண்டும் ஆட்டோமேட்டிக். நண்பர் ஒருவர் தன் சிஆர்-வியை நாலு சக்கரமும் தரையில் உருள இழுத்துப் போகிறார். “நியூட்ரலில் போட்டால் போதும்” என்கிறார். எங்கள் வண்டியின் பின்னால் உள்ள இழுவைக் கொக்கியில், அதாவது ஹிட்சில், 5,000 பவுண்டு என்று இருக்கிறது. எங்கள் சிஆர்-வியையும் அப்படியே கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். 2018 சிஆர்-வியை நாலு சக்கரமும் தரையில் உருள இழுத்தால் கியர்பாக்ஸ் கெட்டுப்போகும். கொரோலாவையும் அப்படி இழுக்கக் கூடாது. ஆனால் கொரோலாவின் முன் சக்கரங்களை டோ டாலி என்ற இரு சக்கரச் சிறு வண்டியின் மேல் ஏற்றிவிட்டால் உங்கள் வண்டியால் அதை இழுத்துப் போக முடியும்.

நண்பர் சொன்னது பொய்யல்ல. அவருடைய சிஆர்-வி 2014 அல்லது அதற்கு முந்தைய மாடலாக இருக்கும். அந்த வண்டிகளை மோட்டார் ஹோமுக்குப் பின்னால் இழுக்க ஹோண்டாவே அனுமதி கொடுத்து, செய்முறையையும் மேனுவலில் எழுதியிருந்தது. அதனால்தான் அமெரிக்க மோட்டார் ஹோம்காரர்கள் இன்றும் பழைய சிஆர்-வியைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். 2015 மாடலில், பற்சக்கரங்களுக்குப் பதிலாக பெல்ட்டை வைத்து வேகத்தை மாற்றும் சிவிடி கியர்பாக்ஸ் வந்தது. அனுமதியும் அதோடு போயிற்று. பெயர் ஒன்றுதான், உள்ளே இருக்கும் கியர்பாக்ஸ் வேறு.

நியூட்ரலில் போட்டால் எல்லாம் தனித்தனியாகக் கழன்றுவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். கழல்வது எஞ்சினுக்கும் சக்கரங்களுக்கும் இடையே கியர்பாக்ஸுக்குள் இருக்கும் பிடி மட்டுமே. சக்கரத்தோடு பிணைந்த பக்கத்துப் பற்சக்கரங்களும் தண்டுகளும், கார் உருளும் வரை சுழன்றுகொண்டேதான் இருக்கும். பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் எண்ணெயைச் சுற்றிவிடும் பம்ப்பை ஓட்டுவது எஞ்சின். எஞ்சின் அணைந்திருந்தால் பம்ப் ஓடாது. அதாவது மணிக்கு 60 மைல் வேகத்தில் உள்ளே எல்லாம் சுழல்கிறது, எண்ணெய் மட்டும் அடியில் தேங்கிக் கிடக்கிறது. முதல் 50 மைலில் ஒன்றுமே தெரியாது. பேரிங் சூடேறி, எண்ணெய் கருகி, கியர்பாக்ஸ் போன பிறகுதான் தெரியும். சிவிடியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அதன் பெல்ட்டை வழுக்காமல் இறுக்கிப் பிடிப்பதே அந்த எண்ணெய் அழுத்தம்தான்.

பழைய சிஆர்-வியின் ஆட்டோமேட்டிக், மேனுவல் கியர்பாக்ஸைப் போல இணைத் தண்டுகளில் பற்சக்கரங்கள் கோத்த அமைப்பு. அப்படியிருந்தும் அதற்கு ஒரு சடங்கு உண்டு: எஞ்சினைக் கிளப்பி, டிரைவ் வரை கொண்டுபோய், நியூட்ரலுக்குத் திரும்பி, 3 நிமிடம் ஓடவிட்டு, அதன் பிறகே அணைக்க வேண்டும். நீண்ட பயணத்தில் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை இதையே திரும்பச் செய்ய வேண்டும். வேகம் 65 மைலைத் தாண்டக் கூடாது. உங்கள் நண்பரும் இதைச் செய்துகொண்டுதான் இருப்பார். சொல்லும்போது “நியூட்ரல்” என்று சுருங்கிவிட்டது.

ஆகவே எந்தக் காராக இருந்தாலும், அந்த ஆண்டு மாடலின் ஓனர்ஸ் மேனுவலை எடுங்கள். டொயோட்டாவில் ‘டிங்கி டோயிங்’ என்ற தலைப்பிலும், வேறு சில நிறுவனங்களில் ‘ரிக்ரியேஷனல் டோயிங்’ என்ற தலைப்பிலும் இருக்கும். விற்பனையாளர் சொல்வதையோ, முகாமில் பக்கத்து வண்டிக்காரர் சொல்வதையோ அந்தப் பக்கத்துக்கு மேலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜீப் ராங்ளர் இத்தனை பேருக்குப் பிடித்திருப்பதன் காரணமும் அங்கே கிடைக்கும்: கியர்பாக்ஸிலிருந்து முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்து அனுப்பும் அதன் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கே தனி நியூட்ரல் உண்டு. அதில் போட்டால் சக்கரத்தின் சுழற்சி கியர்பாக்ஸ் வரை போகவே போகாது. டெஸ்லா போன்ற மின்சாரக் கார்களைச் சக்கரம் தரையில் உருள இழுக்கவே கூடாது; சக்கரம் சுழன்றால் மோட்டார் மின்சாரம் உற்பத்தி செய்யத் தொடங்கிவிடும்.

அடுத்து எடை. ஹிட்சில் எழுதியிருக்கும் 5,000 பவுண்டு அந்த இரும்பின் தாங்கும் திறன். வண்டியின் திறன் வேறு. ஸ்பிரின்டர் 3500 மேல் கட்டிய மோட்டார் ஹோம்களில் வண்டியும் சரக்கும் ஆட்களும் சேர்ந்து இருக்கக்கூடிய அதிகபட்ச எடை வழக்கமாக 11,030 பவுண்டு. பின்னால் இழுப்பதையும் சேர்த்த மொத்த எடையின் வரம்பு, அதாவது ஜி.சி.டபிள்யூ.ஆர்., 15,250 பவுண்டு. வண்டியை முழுதாக நிரப்பிவிட்டால் இழுப்பதற்கு மிச்சம் 4,220 பவுண்டுதான். ஹிட்ச் 5,000 என்று சொன்னாலும் உங்கள் கணக்கு 4,220-இல் முடிகிறது. உங்கள் வண்டியின் ஸ்டிக்கரிலும் மேனுவலிலும் இதே எண்கள்தான் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். ஹிட்ச், இழுக்கும் கருவி, வண்டி ஆகியவற்றில் எது குறைவோ அதுதான் உங்கள் எல்லை.

24 அடி மோட்டார் ஹோம் நிரம்புவதற்கு அதிகம் தேவையில்லை. 30 கேலன் தண்ணீரே 250 பவுண்டு. பெரியவர்கள் நாலு பேர், பெட்டிகள், அரிசி, கேஸ், முழு டீசல் எல்லாம் சேர்ந்தால் 11,030-ஐ எளிதில் தொட்டுவிடும். கிளம்புவதற்கு முன் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்களில் இருக்கும் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடைமேடையில் ஒருமுறை எடை போடுங்கள். முன் அச்சு, பின் அச்சு, பின்னால் வருவது என்று தனித்தனியாகச் சீட்டு தருவார்கள். உத்தேசக் கணக்கை நம்பி 2,000 மைல் போக வேண்டாம்.

இப்போது கொரோலாவைப் பார்ப்போம். எடை சுமார் 2,850 பவுண்டு. டோ டாலி 600 முதல் 750 பவுண்டு. இரண்டும் சேர்ந்து 3,600 பவுண்டுக்குள் அடங்கும். 4,220-க்குள் நிற்கிறது, கொஞ்சம் இடமும் மிஞ்சுகிறது. கொரோலா முன் சக்கர இழுவை வண்டி. முன் சக்கரங்கள் டாலியில் ஏறிவிட்டால் கியர்பாக்ஸோடு இணைந்தவை சுழலாது. பின் சக்கரங்கள் எதையும் ஓட்டாமல் சும்மா உருளும்.

சிஆர்-வியைவிடக் கொரோலாவை நான் பரிந்துரைக்க எடை மட்டும் காரணமல்ல. உங்கள் சிஆர்-வி ஆல் வீல் டிரைவாக இருந்தால் டாலியே ஆகாது, பின் சக்கரங்களும் கியர்பாக்ஸோடு இணைந்தவை. முன் சக்கர இழுவை என்றாலும் அதன் பார்க்கிங் பிரேக் மின்சாரத்தில் இயங்குவது; அது தானாகப் பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கொரோலாவில் கையால் இழுக்கும் பிரேக். இறக்கிவிட்டால் இறங்கியதுதான். அதை இறக்க மறந்துவிடாதீர்கள். பின் சக்கரங்கள் இறுகியபடி இழுபட்டுப் புகை வந்தாலும் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது.

முழு டிரெய்லரில் ஏற்றினால் எந்தக் காரையும் கொண்டுபோகலாமே என்று தோன்றும். யூ-ஹால் வாடகைக்குத் தரும் கார் டிரெய்லரின் வெற்று எடையே 2,210 பவுண்டு. கொரோலாவையும் சேர்த்தால் 5,060. ஹிட்சின் 5,000-ஐயும் தாண்டிவிட்டது. அந்த வழியை மறந்துவிடுங்கள்.

பிரேக் விஷயத்தில் மட்டும் யார் என்ன சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். உங்கள் மோட்டார் ஹோமின் பிரேக், அதன் சொந்த எடையை நிறுத்துவதற்காகச் செய்யப்பட்டது. அதில் மூன்றில் ஒரு பங்கு எடையைப் பிரேக் இல்லாமல் பின்னால் சேர்த்தால், நிற்கும் தூரம் கூடும். மலை இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிமானம் குறையும். பல மாநிலங்களில் 3,000 பவுண்டைத் தாண்டினால் இழுபடும் வண்டிக்குத் தனி பிரேக் கட்டாயம். சில இடங்களில் 1,500-லேயே கேட்பார்கள். சட்டத்தை விடுங்கள், நீங்கள் டென்வர் வழியாகப் போனால் நியூ மெக்ஸிகோ, கொலராடோ எல்லையில் ரேட்டன் கணவாயில் 7,800 அடி உயரம் வரை ஏறி இறங்க வேண்டும். வண்டியில் வயதான பெற்றோர் இருக்கிறார்கள். பிரேக் இல்லாத டாலியை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

டாலி பிரேக்கில் இரண்டு வகை. ‘சர்ஜ்’ வகையில், முன் வண்டி வேகம் குறையும்போது டாலி முன்னோக்கி நெருக்கும். அந்த நெருக்கலே பிரேக்கை அழுத்தும். மின்சார வகைக்கு ஓட்டுநர் பக்கத்தில் ஒரு கன்ட்ரோலர் வேண்டும். சர்ஜ் எளிது, வயரிங் வேலை குறைவு. ஆனால் நீண்ட இறக்கத்தில் டாலி இடைவிடாமல் நெருக்கிக்கொண்டே இருப்பதால் அதன் பிரேக்கும் இடைவிடாமல் உரசும். மலைப்பாதை என்றால் நான் மின்சார வகையைத்தான் தேர்ந்தெடுப்பேன். பின்னால் வருவது ஆட ஆரம்பித்தால், கன்ட்ரோலரில் உள்ள நெம்புகோலை விரலால் தள்ளி டாலி பிரேக்கை மட்டும் பிடித்து நேராக்கிவிடலாம். எந்த வகையானாலும் ‘பிரேக்அவே’ கம்பி இருக்க வேண்டும். டாலி கழன்றுகொண்டால் அந்தக் கம்பி இழுபட்டுத் தானாக பிரேக் பிடிக்கும். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். ஏறிய வேகத்தைவிட மெதுவாக இறங்குங்கள்.

ஓட்டும்போது கவனிக்க வேண்டியவை இன்னும் சில. டயர்களைச் சுற்றிக் கட்டும் பட்டைகள் முதல் சில மைல்களில் தளரும். கிளம்பி 10 மைலுக்குள் ஓரம்கட்டி மீண்டும் இறுக்குங்கள். அதன் பிறகு டீசல் போட நிற்கும் ஒவ்வொரு முறையும் ஒரு சுற்று நடந்து பட்டை, சங்கிலி, விளக்கு, டயர் சூடு எல்லாம் பாருங்கள். டாலியின் விளக்குகள் காருக்கு அடியில் மறைந்துபோகும், அதனால் காரின் பின்பக்கம் காந்தத்தில் ஒட்டும் விளக்கு ஒரு ஜோடி வையுங்கள். பின்னால் ஒரு டயர் வெடித்தாலும் உங்கள் இருக்கைக்கு அதிர்வு வராது. டாலி சக்கரத்துக்கும் காரின் பின் சக்கரத்துக்கும் காற்றழுத்த சென்சார் போடுவது நல்ல செலவு. கலிஃபோர்னியாவில் எதை இழுத்துப் போனாலும் வரம்பு 55 மைல். மற்ற மாநிலங்களில் 70 என்று பலகை சொன்னாலும் 60-இல் போங்கள். இழுபடும் காரில் யாரும் உட்காரக் கூடாது. மோட்டார் ஹோமில் எல்லோருக்கும் சீட் பெல்ட் இருக்கிறதா என்று இப்போதே எண்ணிக்கொள்ளுங்கள்.

டாலியோடு ரிவர்ஸ் எடுக்க முயலாதீர்கள். சில அடியிலேயே கார் ஒரு பக்கம் மடங்கும். டாலியும் காரின் முன்பகுதியும் சேதமாகும். வழி தவறினால் காரை இறக்கி, டாலியைக் கழற்றித்தான் திரும்ப வேண்டும். ஆகவே பெட்ரோல் பங்க்கில் நுழையும் முன் வெளியேறும் வழியைப் பாருங்கள். முகாமில் இடம் பதிவு செய்யும்போது ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் ‘புல்-த்ரூ’ இடமாகக் கேளுங்கள். டாலியை நிறுத்தி வைக்க இடம் உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

கிளேசியரில் கார் வேண்டும் என்ற உங்கள் எண்ணம் மிகச் சரி. அங்கே எல்லோரும் பார்க்கப் போகும் கோயிங்-டு-தி-சன் சாலையில், அவலாஞ்ச் முகாமுக்கும் ரைசிங் சன் பகுதிக்கும் இடையே 21 அடிக்கு மேல் நீளமோ, 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டிகளுக்கு அனுமதி இல்லை. உங்கள் 24 அடி வண்டி அந்தச் சாலையின் உச்சியான லோகன் கணவாய்க்கு ஏற முடியாது.

ஆனால் ஒன்றைத் தயங்காமல் சொல்கிறேன். இந்த ஒரு பயணத்துக்காக மட்டும் என்றால் டாலியே வாங்காதீர்கள். பூங்காவின் மேற்கு வாசலுக்குப் பக்கத்தில் கலிஸ்பெல் ஊர் இருக்கிறது, விமான நிலையமும் இருக்கிறது. அங்கே நாலைந்து நாளைக்கு ஒரு காரை வாடகைக்கு எடுங்கள். ஜூலை கூட்டம் அதிகம், இப்போதே பதிவு செய்யுங்கள். முதல்முறை மோட்டார் ஹோம் ஓட்டுபவர், பெற்றோரை வைத்துக்கொண்டு, பின்னால் ஒரு காரையும் கட்டிக்கொண்டு 2,000 மைல் பழக வேண்டியதில்லை.

ஆண்டுக்கு மூன்று நான்கு முறை கிளம்பப் போகிறீர்கள் என்றால் கணக்கு மாறும். அப்போது 2012 முதல் 2014 வரையிலான சிஆர்-வி ஒன்றை, கியர்பாக்ஸை நல்ல மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு வாங்கலாம். எடை சுமார் 3,500 பவுண்டு, உங்கள் வரம்புக்குள் வரும். நாலு கதவு ராங்ளர் பலவும் 4,220-ஐ ஒட்டியோ தாண்டியோ நிற்பதால் உங்கள் வண்டிக்கு ஒத்துவராது. காரை மோட்டார் ஹோமோடு இணைக்கும் டோ பார், அது மாட்டிக்கொள்ள அந்த மாடலுக்கென்றே பம்பருக்குள் பொருத்தும் பேஸ் பிளேட், விளக்கு வயரிங், காரின் பிரேக் பெடலை அழுத்தும் தனிக் கருவி எல்லாம் பொருத்தி முடிக்க 3,000 டாலருக்கு மேல் ஆகும். பேஸ் பிளேட் மாடலுக்கு மாடல் மாறும் என்பதால், காரை வாங்கிய பிறகே அதற்கு ஆர்டர் கொடுங்கள்.