பரிசுப் பணமும் புதுக்கட்சியும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: மானியம் தருவதைவிட, ‘இதைச் செய்து காட்டுபவருக்கு இவ்வளவு’ என்று அரசே பரிசு அறிவித்தால் என்ன? (வாசகர், கரூர்)

பதில்: தாராளமாக அறிவிக்கலாம். ஆனால் விதிமுறையை எழுதுவதில்தான் எல்லாம் இருக்கிறது. 1714-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம், கடலில் தீர்க்கரேகையை அரைப் பாகைக்குள் கணிக்கும் முறைக்கு 20,000 பவுண்டு என்று சட்டம் போட்டது. ஜான் ஹாரிசனின் கடிகாரம் 1761–62 ஜமைக்கா பயணத்தில் அந்த அளவுக்குள் நின்றது. ஆனாலும் பரிசு வரவில்லை. முறை ‘நடைமுறைக்கு ஏற்றதாக, பயனுள்ளதாக’ இருக்கவேண்டும் என்று சொன்ன சட்டம், அதை எப்படி அளப்பது என்று சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் மறுசோதனை, நுட்பத்தை வெளியிடு, இன்னொன்று செய்துகாட்டு என்று நிபந்தனைகள் நுழைந்தன. பிற்பாடு பரிசை முடிவுசெய்யும் தீர்க்கரேகை வாரியத்தில் அமர்ந்த வானியலாளர் நெவில் மாஸ்கிலைன், நிலவை வைத்துக் கணிக்கும் போட்டிமுறையின் ஆதரவாளர். கடைசி 8,750 பவுண்டு 1773-ல் நாடாளுமன்றம் தலையிட்டபிறகே கிடைத்தது. அப்போது ஹாரிசனுக்கு 80 வயது!

ஆகவே எத்தனை சோதனை, எங்கே, யார் அளப்பது என்பதெல்லாம் அறிவிப்பிலேயே இருக்கவேண்டும். போட்டிமுறையோடு தொடர்புள்ளவர் நடுவராகக் கூடாது. முன்பணமும் தேவை, பரிசு கடைசியில்தான் என்றால் கைக்காசு இல்லாதவர் களத்துக்கே வரமாட்டார். ஹாரிசனுக்கே 1737 முதல் வாரியம் இடையிடையே பணம் தந்தது.

முதல் தோல்வியோடு திட்டத்தை மூடிவிடவும் கூடாது. அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்பா 2004-ல் ஓட்டுநரில்லா வண்டிக்கு 10 லட்சம் டாலர் அறிவித்தது. எந்த வண்டியும் 12 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. தொகையை இரட்டிப்பாக்கி அடுத்த ஆண்டே மீண்டும் நடத்தினார்கள். சுமார் 212 கிலோமீட்டர் பாதையை ஐந்து வண்டிகள் முடித்தன.

கேள்வி: இதையே முதல் கொள்கையாக வைத்துப் புதுக்கட்சி தொடங்கலாமா? (வாசகி, தென்காசி)

பதில்: தொடங்கலாம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 29ஏ பிரிவின்படி, கட்சி அமைத்த 30 நாளுக்குள் தேர்தல் ஆணையத்துக்கு விண்ணப்பம் போய்ச் சேரவேண்டும். 10,000 ரூபாய் கட்டணம். வேறு பதிவுபெற்ற கட்சியில் இல்லாத, வாக்காளர் பட்டியலில் உள்ள 100 உறுப்பினர்களின் பிரமாணப் பத்திரங்கள். பலர் சறுக்குவது கட்சி விதிகளில்: அரசியலமைப்பு, சோஷலிசம், மதச்சார்பின்மை, ஜனநாயகம் ஆகியவற்றுக்கும் நாட்டின் இறையாண்மை, ஒற்றுமை, ஒருமைப்பாட்டுக்கும் கட்டுப்படுவதாகச் சட்டம் கேட்கும் உறுதிமொழியை அப்படியே சேர்க்கவேண்டும். கட்சி வேட்பாளர்கள் எல்லோருக்கும் ஒரே பொதுச்சின்னம் வேண்டுமென்றால் 5 சதவீதத் தொகுதிகளிலாவது நிற்கவேண்டும்; தமிழகத்தின் 234-க்கு அது 12.

ஒரு எச்சரிக்கை: ஆட்சிக்கு வந்தால் அரசுப் பரிசு என்று தேர்தல் அறிக்கையில் சொல்லலாம். கட்சிப் பணத்தில் வாக்காளருக்குப் பரிசு கொடுத்தால் அதே சட்டத்தின் 123-ஆம் பிரிவின்படி அது லஞ்சம்.