சுனாமி எச்சரிக்கை என்றால் என்ன? கடலே இல்லாத கொங்கு நாட்டுக்காரர்களுக்கு அது எதற்கு?

கடலடியில் பெரிய நிலநடுக்கம் வந்ததும், அலை கரையைத் தொடுவதற்குள் மக்களை மேட்டுக்குப் போகச் சொல்லும் அறிவிப்புதான் சுனாமி எச்சரிக்கை.

இது எப்படி முடிகிறது? நிலநடுக்க அதிர்வு பூமிக்குள் நொடிக்குச் சில கிலோமீட்டர் ஓடும். சுனாமி ஆழ்கடலில் மணிக்கு 700, 800 கிலோமீட்டர்தான். அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் நேரம். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவிலிருந்து நம் கரைக்கு அலை வர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது. நேரம் இருந்தும் சொல்ல வழியில்லை. ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் 2007இல்தான் வந்தது.

மேட்டுப்பாளையத்துக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். மலையில் மழை கொட்டி பில்லூர் அணை நிரம்பினால், வெள்ளத்துக்கு முன்பே பவானிக் கரையில் எச்சரிக்கை வந்துவிடும். துவைத்துக்கொண்டிருப்பவர் ஈரத்துணியை அப்படியே சுருட்டிக்கொண்டு படியேறிவிடுவார். மேடு எந்தப் பக்கம் என்று அவருக்கு முன்பே தெரியும். வேளாங்கண்ணிக்குப் போகும் நமக்கு அது தெரியாது. 2004இல் அங்கே வெளியூர் பக்தர்கள் நிறையப் பேர் இறந்துபோனார்கள். அதனால் விடுதியில் பையை வைத்ததும் மேட்டுக்கு வழி கேட்டு வையுங்கள்.

அப்புறம், முதல் அலை திரும்பியதும் ஆபத்து தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, அடுத்த அலை அதைவிடப் பெரிதாக இருக்கலாம், அலைகள் மணிக்கணக்கில் தொடரலாம்.