இன்னும் நூறடி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். வயது 29. என் சேமிப்பும், அப்பா மாந்தோப்பைக் குத்தகைக்கு விட்டதில் வந்ததுமாக 4 லட்சம் கையில் இருக்கிறது. அடுத்த ஜூனில் தங்கைக்குக் காலேஜ் பீஸ் கட்ட வேண்டும். கூட வேலை செய்பவர் என்னை ஒரு டெலிகிராம் குழுவில் சேர்த்துவிட்டார். ட்ரோன், ஏஐ என்று சின்னச் சின்ன கம்பெனி ஷேர்களாகச் சொல்கிறார்கள். அவர் போட்ட 50 ஆயிரம் ஐந்து மாதத்தில் ஒன்றரை லட்சம் ஆகியிருப்பதை செல்போனில் காட்டினார். நானும் மொத்தமாகப் போடலாமா? பயமாகவும் இருக்கிறது, விட்டால் கிடைக்காதோ என்றும் இருக்கிறது.

அன்புள்ள தம்பி,

4 லட்சத்தையும் போடாதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் பேசலாம்.

சின்ன கம்பெனி ஷேர் என்றாலே சூதாட்டம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. 1993இல் இன்ஃபோசிஸ் 95 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டபோது அதற்கே முழுதாக விண்ணப்பம் வரவில்லை. அன்று அதுவும் சின்ன கம்பெனிதான். வாங்கி, விற்காமல் வைத்திருந்தவர்கள் எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டார்கள். 10 ஆயிரம் போட்டால் போவது அந்த 10 ஆயிரம்தான். வந்தால் எத்தனை மடங்கு என்று சொல்ல முடியாது. அந்தக் கணக்கு உண்மை. ஆனால் அதே தொண்ணூறுகளில் மக்களிடம் பணம் திரட்டிவிட்டு ஆபீஸையே காலி செய்துகொண்டு போன கம்பெனிகளும் உண்டு. அவற்றைத் தேட 1999இல் அரசாங்கமும், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியும் சேர்ந்து ஒரு குழுவே போட வேண்டியிருந்தது. அந்தக் கதையை உங்கள் குழுவில் யாரும் சொல்லமாட்டார்கள்.

2000இல் நானும் வாங்கினேன். தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில், ஷேர் வாங்கி விற்றுக் கொடுக்கும் சப்-புரோக்கர் ஆபீஸ் இருந்தது. பெயரின் வாலில் சாஃப்ட்வேர், இன்ஃபோடெக் என்று ஒட்டிக்கொண்ட கம்பெனியெல்லாம் ஏறிக்கொண்டிருந்த நேரம். மார்ச்சில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தைக் குறியீடு உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கியது, இங்கேயும் இறங்கியது. என் ஷேர் பாதி விலைக்கு வந்ததும் சராசரி குறையுமே என்று இன்னும் கொஞ்சம் வாங்கினேன். கால்வாசிக்கு வந்ததும் மறுபடி கொஞ்சம்.

அடுத்த வருஷக் கோடையில் அப்பா தோட்டத்தில் போர் போட்டார். 600 அடி வரைக்கும் புகைதான். மா இலையெல்லாம் வெள்ளையாகத் தூசி படிந்து கிடந்தது. மேலே வந்த மண்ணை உள்ளங்கையில் வாங்கி, ஈரம் தட்டுகிறதா என்று கசக்கிக் கசக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். “இன்னும் நூறடி போனா வந்துடுங்க” என்றார் வண்டிக்காரர். இவ்வளவு செலவு பண்ணியாச்சே என்று அப்பா தலையாட்டினார். 700 ஆயிற்று, மறுபடி அதே பேச்சு. 800இல் நிறுத்தினோம். தண்ணீர் இல்லை. அன்று ராத்திரிதான் எனக்கு உறைத்தது, நானும் அந்த மாடி ஆபீஸில் இதையேதான் செய்துகொண்டிருக்கிறேன் என்று. நாம் ஏற்கெனவே எவ்வளவு கொட்டினோம் என்பது பாறைக்குத் தெரியாது, கம்பெனிக்கும் தெரியாது. என் ஷேர் அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை.

உங்கள் நண்பர் காட்டிய ஒன்றரை லட்சத்துக்கு வருகிறேன். அதில் பாதியை விற்று பேங்க் கணக்குக்குக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள். இதை அவரைச் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. சின்ன கம்பெனிகளில் வெளியே புழங்கும் பங்கு குறைவு. நாலு பேர் சேர்ந்து வாங்கினாலே அப்பர் சர்க்யூட் அடிக்கும், அதாவது அன்றைக்கு ஏற விடுகிற உச்ச விலையைத் தொட்டுவிடும். முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கிறவர்கள், டிப்ஸைப் பார்த்து நம்மைப் போன்றவர்கள் ஓடிவரும்போது விற்றுவிட்டு வெளியேறுவார்கள். அதன் பிறகு தினமும் லோயர் சர்க்யூட், அன்றைக்கு இறங்க விடுகிற அடிமட்ட விலை. விற்கிறேன் என்று ஆர்டர் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கலாம், வாங்க ஆளே இருக்காது. எஸ்எம்இ (சிறு, நடுத்தர கம்பெனிகளுக்கான தனிப் பிரிவு) பங்கு என்றால் இன்னும் கஷ்டம்: பத்து ஷேர், இருபது ஷேர் என்று விற்க முடியாது, லாட்டாக, அதாவது அவர்கள் வைத்த எண்ணிக்கையில் மொத்தமாகத்தான் தள்ள வேண்டும். இப்போது அங்கே ஐபிஓ (முதல் பங்கு வெளியீடு) விண்ணப்பத்துக்கே 2 லட்சத்துக்கு மேல் வேண்டும், உங்கள் கையிருப்பில் பாதி. விலை இறங்குவதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஜூன் மாதம் காலேஜில் பீஸ் கேட்கும்போது விற்க முடியாமல் நிற்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பெரிய கம்பெனிக்கே என்ன நடக்கிறது என்று நம் மாவட்டங்களிலேயே பாருங்கள். போச்சம்பள்ளியில் தொழிற்சாலை வைத்திருக்கும் ஓலா எலெக்ட்ரிக் 2024 ஆகஸ்டில் 76 ரூபாய்க்குப் பங்குச் சந்தைக்கு வந்தது, இரண்டு வாரத்தில் 157ஐத் தொட்டது, அடுத்த ஆண்டே 50க்குக் கீழே போனது. ஓசூரில் வண்டி செய்கிற ஏத்தர் 2025 மே மாதம் 321க்கு வந்தது, அக்டோபருக்குள் 600ஐத் தாண்டியது. இரண்டும் மின்சார ஸ்கூட்டர், பட்டியலில் ஏறும்போது இரண்டுமே நஷ்டத்தில் இருந்தவை. எது ஏறும், எது இறங்கும் என்று அன்றைக்கு அடித்துச் சொல்லியிருக்க முடியுமா? என்னால் முடிந்திருக்காது.

ஆனால் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஓசூர் சிப்காட்டில் டீக்கடையில் நின்றாலே எந்தக் கம்பெனியில் மூணாவது ஷிஃப்ட் ஓடுகிறது, எங்கே சம்பளம் பத்து தேதிக்கு மேல் இழுக்கிறது, எந்த சப்ளையருக்குப் பாக்கி நிற்கிறது என்று காதில் விழும். டெலிகிராமில் வருவதைவிட இது பல மடங்கு மேல். (நீங்கள் வேலை செய்யும் கம்பெனியின் உள்விஷயத்தை வைத்து அதன் ஷேரை வாங்குவது குற்றம், அது வேறு. அதைத் தொடவே கூடாது.)

சரி, என்ன செய்யலாம்? தங்கையின் பீஸை இன்றைக்கே தனியாக பேங்க் டெபாசிட்டில் போட்டுவிடுங்கள். அப்பாவின் குத்தகைப் பணத்தையும் இதில் சேர்க்க வேண்டாம், அது அவர் மரத்துப் பணம். உங்கள் சொந்தச் சேமிப்பில் 20 ஆயிரம், அதிகம் போனால் 30. அடியோடு போனாலும் வீட்டில் யாருடைய சாப்பாடும் படிப்பும் மாறாது என்கிற பணம். அதை வைத்துத்தான் ஐந்தாறு வருஷம் பொறுமையாக இருக்க முடியும். இந்த மாதிரி கம்பெனி பிழைத்து வளர அவ்வளவு காலம் ஆகும்.

வாங்குவதற்கு முன்னால், குழுவில் சொன்ன கம்பெனிகளில் ஒன்றின் ஆண்டறிக்கையை இறக்கிக்கொள்ளுங்கள். லாபம் காட்டிய வருஷத்தில் தொழிலிலிருந்து ரொக்கம் உள்ளே வந்ததா, வாடிக்கையாளரிடம் வரவேண்டிய பாக்கி விற்பனையைவிட வேகமாக ஏறுகிறதா, புரமோட்டர் (கம்பெனியைத் தொடங்கி நடத்துகிற முதலாளி) தன் பங்கை அடகு வைத்திருக்கிறாரா, ஆடிட்டர் பாதியில் விலகினாரா – இந்த நாலையும் பென்சிலில் குறித்துக்கொள்ளுங்கள். புரியாத பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில்தான் இருப்பேன், சேர்ந்து பார்க்கலாம்.