கேசட்டின் மேல் இல்லாத பெயர்கள்

அன்புள்ள அண்ணன்,

பழைய வீடியோ கேம்களைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். மாரியோ, கோண்ட்ரா என்று எல்லோருக்கும் தெரிந்தவற்றையே சொல்லியிருந்தீர்கள். அதில் எனக்கு ஒரு குறை. எனக்குச் சொந்த ஊர் கீழக்கரை. 1994இல் வாப்பா சபுரில் (வெளிநாட்டுப் பிழைப்பில்) இருந்து வந்தபோது ஒரு டிவி கேம் பெட்டியும் மஞ்சள் கேசட் ஒன்றும் கொண்டுவந்தார்கள். அதில் இருந்த ஆட்டங்களில் பாதிக்கு எனக்கு இன்றுவரை பெயர் தெரியாது. டாங்க் கேம், பலூன் கேம், ரெண்டு பெங்குயின் கேம் என்று நாங்களாக வைத்த பெயர்கள்தான். போன வாரம் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பரணில் அந்தப் பெட்டி கிடைத்தது. புது டிவியில் மாட்டினேன். கேசட்டை நாலு தடவை ஊதியபிறகு படம் வந்தது. வாத்து சுடும் துப்பாக்கி மட்டும் வேலை செய்யவில்லை. என் மகன் ஐந்து நிமிடம் ஆடிப் பார்த்துவிட்டு, "இதுல என்ன வாப்பா இருக்கு?" என்று எழுந்து போய்விட்டான். இவை உண்மையிலேயே நினைவில் வைக்க வேண்டியவைதானா? இல்லை, சின்ன வயதை நினைத்து நான்தான் உருகுகிறேனா?

ஒரு வாசகர், கீழக்கரை

*

அன்புள்ள தம்பி,

உங்கள் குறை நியாயமானது. அந்தக் கட்டுரையில் நான் விட்டுவிட்டவைதான் நம் கரையில் அதிகம் பேர் ஆடியவை. முதலில் பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். டாங்க் கேம் என்பது பேட்டில் சிட்டி, 1985இல் ஜப்பானின் நாம்கோ கம்பெனி வெளியிட்டது. பலூன் கேம், நின்டெண்டோவின் பலூன் ஃபைட். ரெண்டு பெங்குயின் கேம், ஹட்சன் சாஃப்ட் 1985இல் கொண்டுவந்த பைனரி லேண்ட்.

இந்தப் பெயர்கள் உங்களுக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. நம் வீடுகளுக்கு வந்தவை பெரும்பாலும் நின்டெண்டோ 1983இல் ஜப்பானில் விற்கத் தொடங்கிய ஃபேமிகாம் என்ற டிவி கேம் பெட்டியின் நகல்கள். கேசட் அடித்தவர்கள் பல ஆட்டங்களின் முதல் திரையில் இருந்த கம்பெனி பெயரையும் ஆண்டையும் அழித்துவிட்டுத்தான் விற்றார்கள். மேலே 9999 ஆட்டம் என்று போட்டிருக்கும். உள்ளே இருப்பது சில பத்துதான், மீதியெல்லாம் அதே ஆட்டம் வேறு கட்டத்தில் இருந்து தொடங்கும். அதனால் யார் செய்தது, எந்த ஊரில் செய்தது என்று ஒன்றும் தெரியாமலே நாம் வளர்ந்துவிட்டோம்.

டாங்க் கேமைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டில் இலங்கை டிவியான ரூபவாஹினி தெரிவதற்காக உயரமாகக் கம்பம் நட்டு ஆண்டெனா கட்டியிருந்தோம். அந்த வயரைப் பிடுங்கிவிட்டு அதே துளையில்தான் கேம் வயரைச் செருகுவோம். முதல் திரையில் ஒரு ஆள், இரண்டு ஆள் என்பதற்குக் கீழே மூன்றாவதாக ஒரு வரி இருக்குமே, நினைவிருக்கிறதா? அதற்குள் போனால் 13க்கு 13 கட்டத்தில் நாமே களம் கட்டலாம். செங்கல், இரும்பு, தண்ணீர், காடு, பனித்தரை. தண்ணீரின் மேல் டாங்க் போகாது, குண்டு போகும். நானும் தங்கச்சியும் நடுவில் குறுக்கே முழுக்கத் தண்ணீர் வைத்து, ஒரே ஒரு கட்டத்தை மட்டும் காலியாக விடுவோம். அதுதான் எங்களுக்குப் பாம்பன் பாலம். எதிரி டாங்குகள் மேலே இருந்து வரும், நாம் காக்க வேண்டிய கழுகுச் சின்னம் கீழே இருக்கும். 20 டாங்கும் அந்த ஒற்றைப் பாலத்தின் வழியாகத்தான் வந்தாக வேண்டும். பாலத்தை இடப்பக்கம் தள்ளி வைத்தால் ஆட்டம் ஒரு மாதிரி, நடுவில் வைத்தால் வேறு மாதிரி. கரண்ட் போனால் கட்டிய களம் அழிந்துவிடும். மறுநாள் முதலில் இருந்து கட்டுவோம். ஒரு ஆட்டத்தை ஆடுவது வேறு, செய்து பார்ப்பது வேறு என்று எனக்குத் தெரிந்தது அங்கேதான், பத்து வயதில்.

2001இல் 45 நாள் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. விசைப்படகுகள் எல்லாம் கரையில். அப்பா ஒரு வாரம் வலையைப் பொத்திக்கொண்டிருந்தார், அப்புறம் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். அவர் கழுகை விட்டு நகரவே மாட்டார். நான் மேலே போய்ச் சண்டை போட வேண்டும், தப்பி வருவதை அவர் அடிப்பார். சில நேரம் என் குண்டு அவர் டாங்கில் படும். பட்டால் கூட்டாளி சாக மாட்டான், கொஞ்ச நேரம் அசையாமல் நின்றுவிடுவான். "ஏலே, என்னை ஏன்டா கட்டிப்போடுற" என்று அப்பா கத்துவார். கூட்டாளியைக் கொல்லாமல் நிறுத்தி மட்டும் வைக்கலாம் என்று முடிவு செய்த அந்த ஜப்பானியரின் மூளையை இப்போது நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. கொன்றுவிடும் என்று வைத்திருந்தால் கோபம் வந்திருக்கும். நிறுத்தி வைத்ததால் சிரிப்பு வந்தது, அப்பா மறுநாளும் ஆட வந்தார்.

இந்த ஆட்டத்தின் நிரலை, அதாவது புரோகிராமை, பிரித்துப் பார்த்தவர்கள் உள்ளே ஒளிந்திருந்த ஒரு வரியைக் கண்டெடுத்திருக்கிறார்கள். இதை எழுதியவன் நொரிகோவைக் காதலிப்பவன் என்று இருக்கிறது, ஒரு புனைபெயரில். திரையில் தன் பெயரைப் போட வழியில்லாத ஒரு நிரலாளர் உள்ளே அதை எழுதி வைத்திருக்கிறார். அதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

சரி, உருகுகிறேனா என்று கேட்டீர்கள். அதைச் சோதிக்க ஒரே வழி, பழைய நினைவே இல்லாதவர்கள் கையில் கொடுத்துப் பார்ப்பதுதான். போன மே மாதம் தங்கச்சி பிள்ளைகள் இருவருக்கும் பைனரி லேண்டைப் போட்டுக் கொடுத்தேன். ஆட்டம் உங்களுக்குத் தெரியும். இரண்டு பெங்குயின், நடுவில் சுவர். நீங்கள் வலது அழுத்தினால் ஒன்று வலப்பக்கம் போகும், மற்றது இடப்பக்கம் போகும். இரண்டும் ஒரே நேரத்தில் மேலே இருக்கும் இதயத்தைத் தொட வேண்டும். ஒன்று சிலந்தி வலையில் மாட்டினால் மற்றதுதான் வந்து மீட்க வேண்டும். மருமகளுக்கு ஒன்பது வயது. முதல் பத்து நிமிடம் ஒரு பெங்குயினை மட்டுமே பார்த்தாள், மற்றது சுவரில் முட்டிக்கொண்டே நின்றது. அப்புறம் அவளாகவே ஒன்று செய்தாள். முட்டி நிற்பதைப் பிடித்துக்கொண்டாள். சுவரில் முட்டினால் அது நகராது, மற்றது மட்டும் நகரும். அதை வைத்து இரண்டையும் ஒரே வரிசைக்குக் கொண்டுவந்துவிட்டாள். யாரும் சொல்லித் தரவில்லை. அன்று இரவு சாப்பாட்டுக்கு மூன்று தடவை கூப்பிட வேண்டியிருந்தது. இது என் சின்ன வயதைப் பற்றிய விஷயம் என்றால் அவளுக்கு ஏன் பிடிக்க வேண்டும்? பின்னால் ஓடும் அந்த இனிமையான மெட்டு பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாட்டியுடையது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பலூன் ஃபைட்டின் நிரலை எழுதிய சதோரு இவாட்டா பின்னாளில், 2002இல், நின்டெண்டோவின் தலைவரே ஆனார். தண்ணீருக்குப் பக்கத்தில் தாழப் பறந்தால் பெரிய மீன் ஒன்று எம்பிப் பிடித்துக்கொள்ளுமே, கடற்கரைப் பிள்ளைகளுக்கு அது போதும்.

துப்பாக்கிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. நீங்கள் சுடும் நொடியில் திரை கறுப்பாகி, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் கண் சிமிட்டும் நேரத்துக்குத் தோன்றும். துப்பாக்கிக்குள் இருக்கும் உணரி அந்த வெளிச்சத்தைத் தேடும். வெளிச்சம் திரையில் இருந்து துப்பாக்கிக்குள் போகிறதே தவிர, துப்பாக்கியில் இருந்து எதுவும் வெளியே வருவதில்லை. பிக்சர் டியூப் டிவி வரி வரியாகப் படம் வரையும் கணக்குக்கு ஏற்பச் செய்தது அது. புது டிவி படத்தைச் சற்றுத் தாமதமாகக் காட்டும், வெளிச்சமும் அந்த விதத்தில் துடிக்காது. பழைய டப்பா டிவி யார் வீட்டிலாவது இருந்தால் கேட்டு வாங்குங்கள்.

இவற்றைப் பற்றி நாம் எழுதி வைக்காவிட்டால் வேறு யாரும் செய்யப் போவதில்லை. அமெரிக்காவில் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. அந்த நாட்டில் 2010க்கு முன் வந்த ஆட்டங்களில் 87 சதவீதம் இன்று கடையில் முறைப்படி வாங்கக் கிடைப்பதில்லை என்றது. அந்த நாட்டில் வந்தவற்றுக்கே இந்தக் கதி. பேட்டில் சிட்டி அமெரிக்க வீடுகளில் இருந்த நின்டெண்டோ பெட்டிக்கு வரவே இல்லை. அவர்கள் போடும் நூறு சிறந்த ஆட்டங்கள் பட்டியல்களில் அதைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

கேசட்டை இனி ஊதாதீர்கள். வாயின் ஈரம் செம்புப் பற்களை அரிக்கும், நம் ஊர் உப்புக் காற்று பாதி வேலையை ஏற்கெனவே செய்திருக்கும். ஊதினால் வேலை செய்ததுபோலத் தெரிந்தது, கழற்றி மறுபடி மாட்டியதால்தான். செல்போன் ரிப்பேர் கடையில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் இருக்கும். கொஞ்சம் வாங்கி, காது பஞ்சில் நனைத்து அந்தப் பற்களைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள்.

மகனைத் தனியாக ஆடவிட வேண்டாம். டாங்க் கேமில் இரண்டாவது ஆளாக நீங்கள் உட்காருங்கள். களம் கட்டும் அந்த மூன்றாவது வரியை அவனுக்குக் காட்டுங்கள். கீழக்கரைப் பிள்ளை எதைக் கட்டுகிறான் என்று எனக்கும் தெரிய வேண்டும். கேசட்டில் முதலில் வரும் பட்டியலையும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புங்கள். ஒவ்வொன்றுக்கும் நீங்கள் சின்ன வயதில் என்ன பெயர் வைத்திருந்தீர்கள் என்று எழுதினால், நான் அதன் உண்மையான பெயரையும் ஆண்டையும் எழுதி இங்கேயே வெளியிடுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்